நூறிலிருந்து ஏழு ஏழாக

ஒரு எவர்சில்வர் டம்ளரை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டு சும்மா இரு என்றால், இதென்ன பெரிய வித்தையா என்றுதான் யாருக்கும் தோன்றும். உட்கார்ந்து பாருங்கள், தெரியும். கால் நிமிடத்தில் கேஸை மூடினோமா என்று வரும். அரை நிமிடத்தில் எந்தக் காலத்திலோ எவளோ சொன்ன ஒரு சொல் வந்து குத்தும். ஒரு நிமிடம் ஆவதற்குள் டம்ளர் இருப்பதே மறந்திருக்கும். கோகிலவாணிக்கு இப்படி இருபது நிமிடம் தேவைப்பட்டது. இருபது நிமிடம் மனசு அசையாமல் நின்றால்தான் அவள் புருஷன் எழுந்திருப்பான். இல்லாவிட்டால் இல்லை.

புருஷன் தரணிதரன், திருப்பூரில் நிட்டிங் மெஷின் மெக்கானிக். நாற்பத்தோரு வயது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் மேம்பாலத்தில் வண்டி சறுக்கித் தலையில் அடி. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. மூச்சு சீராக இருந்தது, ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, எல்லாம் இருந்தது. ஆள் மட்டும் விழிக்கவில்லை. மூன்று மாதம் கழித்துக் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் நாலாவது மாடியில் அவனைச் சேர்த்தார்கள். அங்கேதான் ரெட்டைப் பட்டை இருந்தது. நாட்டுக்குள் வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சாமான்.

பட்டையைப் பற்றிச் சொன்னவள் ஜெனிட்டா. டெக்னீஷியன், சின்ன வயது, பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

"அவருக்கு முழிச்சிருக்கிற பழக்கமே விட்டுப்போச்சுக்கா. ஒரு நொடி முழிப்பு வருது, பிடிச்சுக்க ஆள் இல்லாம நழுவிடுது."

"அதுக்கு நான் என்னங்க பண்ணோணும்?"

"உங்க தலையில ஒரு பட்டை, அவர் தலையில ஒரு பட்டை. நீங்க ஒரே விஷயத்துல மனசை நிறுத்தினா அந்த ஓட்டம் அவருக்குப் போகும். சைக்கிள் பழகறப்ப ஒருத்தர் சீட்டைப் பிடிச்சுக்கிட்டே பின்னால ஓடி வருவாங்கல்ல, அது மாதிரி. இருபது நிமிஷம் விடாம பிடிச்சீங்கன்னா அவர் மூளை தானா ஓட்டக் கத்துக்கும். நடுவுல உங்க மனசு வேற எங்கயாவது போச்சுன்னா அவரும் விழுந்துடுவார். திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"எதை நெனைக்கோணும்?"

"எதை வேணாலும் நினைங்க. எதை நினைக்கிறீங்கன்னு மெஷினுக்குத் தெரியாதுக்கா. எவ்வளவு கெட்டியா நினைக்கிறீங்க, அதுதான் அதுக்குத் தெரியும்."

ஜெனிட்டா இதைப் பொய்யாகச் சொல்லவில்லை. அவளுக்கு மேலே இருந்த டாக்டர்களுக்கும் அன்றைக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது. ஆனால் இந்த ஒரு பேச்சை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் இரண்டு ஜோடிப் பட்டைதான் இருந்தது. காத்திருந்தவர்கள் பத்தொன்பது பேர். அதனால் ஒரு நோயாளிக்குப் பதினெட்டு நாள் என்று சட்டம். அதற்குள் இருபது நிமிடம் தொடவில்லை என்றால் பட்டை அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். அடுத்த கட்டிலில் இருந்தவள் மாசிலாமணியின் மகள். மாசிலாமணி பொள்ளாச்சிப் பக்கத்தில் தேங்காய் லாரி ஓட்டுகிறவர், ஐம்பது வயதுக்கு மேல். தினமும் காலையில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நிற்பார். "அம்மிணி, எத்தன நிமிசம் வந்துச்சு?" என்பார். கேட்டுவிட்டு ஒரு டீயும் வாங்கிக் கொடுப்பார். கோகிலவாணி ஜெயித்தாலும் தோற்றாலும் பட்டை அவர் மகளுக்குத்தான். அதனால் அவருடைய அக்கறையில் கள்ளமில்லை, அவசரம் மட்டும் இருந்தது.

முதல் நாள் கோகிலவாணிக்கு வந்தது இரண்டு நிமிடம் பத்து நொடி.

அவளுக்கு அவமானமாகப் போய்விட்டது. ஏனென்றால் அவள் பதினாறு வருஷமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங். மேஜைமேல் டியூப் லைட் எரிய, ஒரு நாளைக்கு அறுநூறு பீஸ் அவள் கைக்கு வந்து போகும். காலர், தோள், கை, அடிமடிப்பு என்று கண் ஓடும். ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எதுவாக இருந்தாலும் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி இடதுபக்கம் ஆல்டர் பெட்டியில் வீசுவாள். நல்ல பீஸ் வலதுபக்கம். ஆல்டர் பீஸெல்லாம் டைலரிடம் திரும்பிப் போகும். பக்கத்தில் இடியே விழுந்தாலும் கோகிலா தலையைத் தூக்கமாட்டாள் என்று கம்பெனியில் பேர். அந்தப் பேர் எடுத்தவளுக்கா இரண்டு நிமிடம்?

விஷயம் என்னவென்றால், அவள் புருஷனை நினைத்தாள். வேறு யாரை நினைப்பாள்? நினைத்த உடனே அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வந்துவிடும்.

அன்றைக்குப் பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் கம்பெனிக்கு வருகிறான். ஏற்கனவே லேட். கோகிலவாணி மகள் மிதுனாவைக் காலுக்கு நடுவில் உட்காரவைத்து ஜடை பின்னிக்கொண்டிருந்தாள், ஹேர்பின் பல்லிடுக்கில். தரணி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஏதோ சொன்னான். ஒரு வாக்கியம் இல்லை, மூன்று நாலு இருக்கும். இவள் மனசெல்லாம் பையர்மேல் இருந்தது. பின்னைக் கடித்தபடியே "ம்" என்றாள்.

எப்போதும் அவள் இப்படி 'ம்' கொட்டினால் தரணி விடமாட்டான். "நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லு பாக்கலாம்?" என்று மடக்குவான். இவள் முழிப்பாள், அவன் சிரிப்பான். அன்றைக்கு அவனுக்கும் நேரமாகிவிட்டது. கேட்காமல் போய்விட்டான். பதினோரு மணிக்குப் போன் வந்தது.

என்ன சொன்னான்? மூன்று மாதமாக இதே கேள்விதான். எழுந்தான் என்றால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும், காலைப் பிடித்தாவது கேட்க வேண்டும் என்று வைத்திருந்தாள். பட்டையைக் கட்டிய உடனே இதுதான் நெஞ்சை அடைக்கும். கண்ணீர் வரும். கண்ணீர் வந்தால் மனசு சிதறும். திரையில் அவள் கவனத்தைக் காட்டும் பச்சைக் கோடு தொப்பென்று விழும்.

ஐந்து நாள் இதே கதை. மூன்று நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆறாம் நாள் ஜெனிட்டா ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். கவனப் பயிற்சிகள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுபோல எளிமையாகத்தான் இருந்தது. மூச்சைப் பத்து வரை எண்ணித் திரும்ப ஒன்றில் ஆரம்பி. ஒரு பொருளையே பார். நாலைந்து சத்தம் கேட்கும் இடத்தில் ஒரே சத்தத்தைப் பிடித்துக்கொள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வா. கடைசி வரியில், வேறு நினைப்பு வந்தால் கோபப்படாமல் ஒதுக்கிவிட்டுத் தொடரவும் என்று போட்டிருந்தது.

ஒதுக்கிவிடுவதா! அது அவளுக்குக் கைவந்த தொழில் அல்லவா? பதினாறு வருஷமாக வேறென்ன செய்தாள்?

அன்று மாலையே மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். நூறு. தொண்ணூத்தி மூணு. எம்பத்தி ஆறு. பள்ளிக்கூடத்தில் கணக்குக்கும் அவளுக்கும் ஆகாது. ஐம்பத்தி ஒன்றுக்கு அப்புறம் ஒவ்வொரு முறையும் இடறுவாள். "நாப்பத்தி அஞ்சு... இல்ல, நாலு" என்று திருத்திக்கொண்டு முப்பத்தி ஏழுக்குப் போவாள். ரெண்டு வந்ததும் மறுபடி நூறு. நடுவில் மிதுனாவின் முகம் வரும். ஸ்டிக்கர் ஒட்டு, இடதுபக்கம் வீசு. தரணி கல்யாணப் பந்தலில் வேட்டி தடுக்கி விழப்போனது வரும். ஒட்டு, வீசு. அவன் கையில் எப்போதும் இருக்கும் மெஷின் ஆயில் வாசம். வீசு. செவ்வாய்க்கிழமை காலை, வாசல், செருப்பு. வீசு, வீசு.

ஏழாம் நாள் ஆறு நிமிடம் வந்தது. ஒன்பதாம் நாள் பத்தரை.

"அக்கா, என்னக்கா பண்ணீங்க?" என்று ஜெனிட்டா வாயைப் பிளந்தாள்.

"ஏழு ஏழாக் கழிக்கறனுங்க. வேற எது வந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டி ஆல்டருக்குத் தள்ளிர்றேன்."

ஜெனிட்டா அதைச் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள். மற்றவர்களுக்கும் இதைச் சொல்லித்தரலாம், தாளில் சேர்க்கச் சொல்லிப் பெரிய டாக்டரிடம் பேசுகிறேன் என்றாள். கோகிலவாணிக்குப் பெருமையாக இருந்தது. பாவி மகள், அந்த நேரத்தில் அவளுக்கு வேறு எதில்தான் பெருமைப்பட முடியும்?

பயிற்சி அவளைப் பிடித்துக்கொண்டது. பல் துலக்கும்போது எண்ணினாள், சோறு அள்ளும்போது எண்ணினாள். மிதுனாவை நாத்தனார் பவித்ரா திருப்பூரில் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளை வாயைத் திறந்து, "அம்மா, முன்பல்லு ஆடுது பாரு" என்றது. கோகிலவாணி எழுபத்தி இரண்டில் இருந்தாள். பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு அறுபத்தி ஐந்துக்குப் போனாள்.

பவித்ரா அன்றைக்குப் பட்டை கட்டுகிற நேரத்தில் அண்ணன் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். முடிந்து வெளியே வந்ததும், "அண்ணி, நீங்க கண்ண மூடிட்டு இருந்தீங்க. அண்ணனோட உதடு அசஞ்சுதுங்க" என்றாள்.

"நெசமாவா?"

"சாமி சத்தியமா. ஏதோ சொல்ற மாதிரியே இருந்துச்சு. ஆனா ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப. நீங்க ஒருக்கா கண்ணத் தொறந்து அவரைப் பாருங்களேன். பேரைச் சொல்லிக் கூப்புடுங்களேன்."

"பாத்தா அழுகை வந்துரும் பவி. அழுதா கோடு விழுந்துரும். இன்னும் ஏழு நாள்தான் இருக்குது, என்னைய ஒண்ணும் சொல்லாத."

பவித்ராவுக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. கோகிலவாணி அதையும் இடதுபக்கம் தள்ளினாள்.

பதினான்காம் நாள் பதினாறு நிமிடம். பதினாறாம் நாள் பதினெட்டே முக்கால். பதினேழாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்து ஒன்பது நிமிடத்துக்கு இறங்கியது. அன்றைக்கு அவள் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சுவரில் தலையை முட்டினாள். கடவுளே, இன்னும் ஒரு நாள், ஒரே நாள், என் தலையை வெறும் தலையாக வைத்துக்கொடு என்று கெஞ்சினாள்.

பதினெட்டாம் நாள் காலை பத்து மணிக்குப் பட்டையைக் கட்டினார்கள். மாசிலாமணி கண்ணாடிக்கு வெளியே நின்றார். கோகிலவாணி கண்ணை மூடினாள். நூறு. தொண்ணூத்தி மூணு. அன்றைக்கு எதுவுமே வரவில்லை. மிதுனா வரவில்லை, கல்யாணப் பந்தல் வரவில்லை, செவ்வாய்க்கிழமை வரவில்லை. வீசுவதற்கு ஒரு பீஸ்கூட இல்லை. சுத்தமான வெள்ளைத் துணிமேல் எண்கள் மட்டும் ஓடின. யாரோ தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் நிறுத்தினாள்.

"இருபத்தி ரெண்டு நிமிஷம்! அக்கா, கண்ணைத் திறங்க! அவரைப் பாருங்கக்கா!"

தரணி கண் திறந்திருந்தான். வெறித்த பார்வை இல்லை, விழித்த பார்வை. ஜெனிட்டா விரலை நகர்த்தினால் கண் கூடவே போனது. பட்டையைக் கழற்றினார்கள், அப்போதும் விழித்தே இருந்தான். மூன்று டாக்டர்கள் ஓடிவந்தார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினான். ஒருவர் கோகிலவாணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் கட்டிலருகில் குனிந்தாள்.

"மாமா. நான் கோகிலா. என்னையத் தெரியுதுங்களா?"

அவன் அவளைப் பார்த்தான். உதடு பிரிந்தது. மூன்று மாதமாகக் கேட்காத குரல், கரகரவென்று வந்தது.

"அம்பத்தி எட்டு" என்றான்.

டாக்டர்கள் கைதட்டினார்கள். பேச்சு வந்துவிட்டதாம்.

"மாமா?"

"அம்பத்தி ஒண்ணு. நாப்பத்தி அஞ்சு... இல்ல, நாலு. முப்பத்தி ஏழு."

கோகிலவாணிக்குச் சட்டென்று புரிந்தது. தரணி கணக்கில் புலி. எத்தனை பெரிய கூட்டலையும் மனசிலேயே போட்டுச் சொல்கிறவன், அவன் இந்த இடத்தில் இடறமாட்டான். அது அவளுடைய இடறல். அவளுடையதேதான்.

"பேர் என்னன்னு கேளுங்க" என்றார் ஒரு டாக்டர். கேட்டாள். முப்பது என்றான். பிள்ளையின் போட்டோவைக் காட்டினாள். உற்றுப் பார்த்துவிட்டு இருபத்தி மூணு என்றான். ரெண்டு வரை வந்து, ஒரு மூச்சு விட்டு, நூறு என்று ஆரம்பித்தான்.

டாக்டர்கள் போன பிறகு ஜெனிட்டாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள் கோகிலவாணி.

"எதை நெனைச்சாலும் ஒண்ணுதான்னு சொன்னீங்களே!"

ஜெனிட்டாவின் முகம் வெளுத்திருந்தது. "அப்படித்தான்கா எங்களுக்குச் சொன்னாங்க. ஓட்டம் மட்டும்தான் போகும், சரக்கு போகாதுன்னு... இதுக்கு முன்னாடி எழுந்தவங்க நாலு பேரு. அவங்களுக்காகப் பட்டை கட்டினவங்க எல்லாம் அழுதுக்கிட்டே அவங்களைத்தான் நினைச்சாங்க. பதினெட்டாவது நாள்ல தட்டுத்தடுமாறித்தான் தேறினாங்க. உங்களை மாதிரி யாரும் இவ்வளவு சுத்தமா..."

முடிக்கத் தேவையும் இல்லை. பதினோரு நாளாகக் கோகிலவாணி இடதுபக்கம் வீசியதெல்லாம் என்ன? அத்தனையும் அவன். அவனை அவளே பொறுக்கிப் பொறுக்கி எடுத்து ஸ்டிக்கர் ஒட்டி வீசிவிட்டு, மிச்சமிருந்த வெறும் எண்களை அவன் தலைக்குள் ஊற்றியிருக்கிறாள். நல்ல செக்கிங்!

"இன்னொருக்கா கட்டுங்க. பத்து நிமிசம். அந்த ஆல்டர் எல்லாத்தையும் எடுத்து அவருக்குக் குடுத்தர்றேன்."

"முடியாதுக்கா. தேறிட்டார்னு பதிவாயிடுச்சு. இப்பவே அடுத்த கட்டிலுக்குப் போகணும். அவங்களோட பதினெட்டு நாள் இன்னைக்கே ஆரம்பிச்சாச்சு."

கோகிலவாணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாசிலாமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். தன் மகள் படுத்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"பாப்பா, என்ற புள்ளையோட நேரத்துல இருந்து பத்து நிமிசம் எடுத்து அந்த அம்மிணிக்குக் குடு" என்றார் ஜெனிட்டாவிடம். "எழுதறதை எப்புடியோ எழுதிக்க."

மறுபடி பட்டையைக் கட்டினார்கள். இந்த முறை கோகிலவாணி கண்ணை மூடவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். ஆல்டர் பெட்டியைக் கவிழ்த்தாள். கல்யாணப் பந்தல், தடுக்கிய வேட்டி. மெஷின் ஆயில் வாசம். மிதுனா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தது. கண்ணீர் கொட்டியது. பச்சைக் கோடு மேலும் கீழுமாகத் தள்ளாடியது. "அக்கா, விழுது, நிலைப்படுத்துங்க" என்று ஜெனிட்டா பதறினாள். தரணி எண்ணிக்கொண்டே இருந்தான். எழுவத்தி ஒம்பது. எழுவத்தி ரெண்டு. அறுவத்தி அஞ்சு.

ஒன்பதாவது நிமிடத்தில் கடைசி பீஸை எடுத்தாள். செவ்வாய்க்கிழமை. ஒரு தையல் விடாமல் பார்த்தாள். மிதுனாவின் தலையில் தேங்காயெண்ணெய். பல்லிடுக்கில் ஹேர்பின், இரும்பு ருசி. வாசலில் வெயில், அதில் அவன் நிழல். ஒரு செருப்பு மாட்டியாகிவிட்டது. இன்னொன்றைக் காலால் தேடிக்கொண்டே அவன் வாய் திறக்கிறது, அசைகிறது.

சத்தம் இல்லை. அவன் பேச்சு இருக்க வேண்டிய இடத்தில் பையர் இருந்தான். எத்தனை மணிக்கு வருவான், எந்த மேஜைக்கு வருவான். அவ்வளவுதான். கேட்டிருந்தால்தானே இருக்கும்? அவள் கேட்கவே இல்லை. எவ்வளவு தேடினாலும் அங்கே இருந்தது ஒன்றே ஒன்றுதான், அதுவும் அவளுடையது.

தரணி எண்ணுவதை நிறுத்தினான்.

ஜெனிட்டா திரையை விட்டுத் திரும்பினாள். கோகிலவாணி, "மாமா" என்றாள்.

அவன் பற்களை இறுக்கிக்கொண்டு, எதையோ கடித்திருப்பவன்போல, "ம்" என்றான்.

நேரம் முடிந்தது. ஜெனிட்டா பட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள். மாசிலாமணி உள்ளே போகுமுன் இவளிடம் வந்து நின்றார். கையில் ஜெனிட்டா கொடுத்த அதே ஜெராக்ஸ் தாள்.

"நான் என்ன பண்ணட்டும் அம்மிணி? இதுல இருக்கறதைப் பண்ணினா வந்துருமா?"

"வந்துரும்ங்க. சீக்கிரமே வந்துரும்." அவள் தாளை வாங்கி நாலாக மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். "வேண்டாம்ங்க. உங்க புள்ள கடைசியா உங்ககிட்டப் பேசுனது ஞாபகம் இருக்குதா?"

அவர் யோசித்தார். "லாரியில ரேடியோ சரியில்ல, மாத்துப்பான்னா."

"அதையே நெனைங்க. அழுகை வந்தா அழுங்க. கோடு விழுந்தா விழுகட்டும்."

"பதினெட்டு நாள்ல முடியலீன்னா?"

பதிலுக்கு நிற்காமல் அவர் உள்ளே போனார்.

மறுநாள் மத்தியானம் பவித்ரா பையெல்லாம் கட்டிவைத்துவிட்டு ஆட்டோ பார்க்கப் போனாள். தரணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் மழித்து, சட்டை மாட்டி, பார்த்தால் பழைய ஆள் மாதிரியே இருந்தான். எண்ணுவது நின்றே போயிருந்தது. கோகிலவாணி பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மிதுனாவுக்கு முன்பல்லு விழுந்துருச்சுங்க மாமா. பவி சொன்னா. நான்தான் கூட இல்லாமப் போயிட்டேன்."

"ம்."

"வீட்டுக்குப் போறோம். உங்க வண்டிய ரெடி பண்ணி நிறுத்தியிருக்காங்க."

"ம்."

"அன்னைக்குக் காத்தால ஏதோ சொன்னீங்க மாமா. நான் கேக்கல. சத்தியமாக் கேக்கல. என்ன சொன்னீங்க?"

"ம்."

அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் தாடையைப் பிடித்து மெல்லத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லுங்க பாக்கலாம்?"

"ம்" என்றான் தரணி.